புகை காட்டாத படகு

பிப்ரவரி 6

ஏ மச்சினி! நல்லா இருக்கியா? வேளைக்குச் சாப்பிடுறியா? அந்த இன்ஜின் ரூம்ல காதுல பஞ்சு வச்சுக்கிறியா? வச்சுக்கோ. என்னையப் பாரு, காலமெல்லாம் படகு இன்ஜின் பக்கத்துல உக்காந்து, இப்ப உங்க அக்கா திட்டுறதுல பாதிதான் காதுல விழுது. அது ஒரு வகையில புண்ணியம்.

இந்தக் கடுதாசிய எழுதுறது உங்க அக்கா. நான் சொல்லச் சொல்ல எழுதணும், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாதுன்னு பேச்சு. எனக்கு எழுத்துன்னா தூரத்துல நடந்து வர்ற ஆள் மாதிரி. யாரோ வர்றாங்கன்னு தெரியும், யாருன்னு தெரியாது. உன் கடுதாசி வந்தாலும் அவதான் வாசிச்சுச் சொல்றா. நம்ம கரையில போன் எடுக்காதுன்னு உனக்கே தெரியும். இங்க அது வெறும் டார்ச் லைட்டு.

நீ லாரியில போட்டு அனுப்புன பீப்பாயெல்லாம் அக்கரைத் துறைக்கு வந்து சேந்துச்சு. "பழைய சமையல் எண்ணெயக் காய்ச்சிச் செஞ்ச டீசல், பயோடீசல்னு பேரு, ஊத்தி ஓட்டிப் பாத்து எப்படி இருக்குன்னு சொல்லுங்க, எங்க பேராசிரியர் கேக்குறாரு"ன்னு எழுதியிருந்தியே, அதுக்குத்தான் இந்தக் கடுதாசி. மூடியத் திறந்தா தேன் மாதிரி நிறம். துறையில முடி வெட்டுறாரே பார்பர், அவரு விரல விட்டு நக்கிப் பாத்துட்டு, "உப்பு கம்மி"ன்னாரு. அந்த ஆளு எதையும் நக்கிப் பாப்பாரு. ஒரு தடவ பேட்டரித் தண்ணியத் தொட்டு நக்கிட்டு, நாக்க நீட்டிக்கிட்டே முடி வெட்டுனாரு. வந்தவங்கல்லாம் கண்ணாடியில அதப் பாத்து, நம்மளத்தான் கேலி பண்றாருன்னு சண்டைக்குப் போயிட்டாங்க.

சரி, எங்க விட்டேன்? இன்ஜின். நம்ம இன்ஜினுக்கு மாமியான்னு பேரு வச்சிருக்கோமே, ஏன்னு உனக்குத் தெரியும். காலையில எழுப்புறதுக்குள்ள உயிரு போயிடும், எழுந்துட்டா நாள் பூரா முனகலும் கறுப்புப் பெருமூச்சும். மாமியாளுக்கு இந்தப் புது எண்ணெய் மருமக மாதிரி வந்துச்சு. வந்த மருமக மொத வேலையா அடுப்படியக் கழுவுற மாதிரி டேங்கக் கழுவிட்டா! இத்தன வருஷம் படிஞ்சு கெடந்த டீசல் சேறெல்லாம் கரைஞ்சு வந்து ஃபில்டர்ல அடைச்சு, நடு ஆத்துல நின்னுபோச்சு. கழட்டிக் கழுவி மாட்டுனேன். மறுநாளும் அதே கூத்து. அப்புறம் ரெண்டு பேருக்கும் ராசியாயிடுச்சு.

இப்ப அதிசயத்தக் கேளு. புகையே இல்ல. குழாய் வாய்ல கையக் காட்டுனா சூடு அடிக்குது, கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. எண்ணெய்ச் சட்டி வாசம் மட்டும் வருது. ஏறுறவங்கல்லாம் "ஏம்ப்பா பசியக் கெளப்புறே"ங்கிறாங்க. ஆனா அதுல ஒரு சங்கடம். நம்ம ஊர்ல யாரு கடிகாரம் பாத்துப் படகுக்கு வந்தாங்க? வளைவுக்குப் பின்னால கறுப்புப் புகை எழும்புனா வீட்டப் பூட்டிட்டுக் கெளம்புவாங்க. அவங்க நடந்து வர்றதுக்கும் படகு ஒதுங்குறதுக்கும் சரியா இருக்கும். இப்பப் புகையக் காணோமா, எல்லாரும் படகத் தவற விடுறாங்க. நம்ம ஊரு டெய்லரு கரையில நின்னுக்கிட்டு, "புகையக் காட்டாம திருடன் மாதிரி வந்துட்டுப் போறியே, இது நியாயமா?"ன்னு கத்துறாரு. அதனால உங்க அக்கா இப்ப வளைவு வந்ததும் ஒரு தட்ட எடுத்துக் கரண்டியால தட்டுறா.

தட்டுறா பாரு, அதுதான் சேதி. முன்னெல்லாம் டிக்கெட்டக் கிழிச்சுக் குடுக்கவே அவளுக்கு மூச்சு எட்டாது. புகைக்குழாய்க்குப் பக்கத்துலதானே அவ பெட்டி. அக்கரை டாக்டரு, "இந்த நெஞ்சுக்குப் புகை ஆகாது"ன்னாரு. படகுல டிக்கெட் கிழிக்கிறவகிட்ட அப்படிச் சொல்றது, மீனக் கூப்பிட்டுத் தண்ணி ஆகாதுன்னு சொல்ற மாதிரி. இப்ப இருமல் கொறஞ்சிருக்கு. துறைப் படியில நடுவுல உக்காராம ஏறுறா. இத எழுத வெக்கப்படுறா. எழுதுடி. எழுதிட்டியா? சரி, தாள் முடிஞ்சுபோச்சாம்.

உன் அத்தான்

*

பிப்ரவரி 17

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைச் சோதனை அறையிலேயே உட்கார்ந்து படித்தேன். பேராசிரியர் எட்டிப் பார்த்து, "களத் தகவலா?" என்றார். "ஆமாம் சார்" என்றேன். பார்பரின் நாக்கைத் தவிர என்ன தகவல் இருக்கிறது என்று மறுபடியும் முதலிலிருந்து தேடினேன். அத்தான், கொஞ்சம் ஒழுங்காகச் சொல்லுங்களேன். புகை எப்படி, எண்ணெய் எவ்வளவு பிடிக்கிறது, இழுவை எப்படி, இன்ஜின் ஆயில் எப்படி. இந்த நான்கையும் சொல்லிவிட்டு அப்புறம் ஊர்க்கதை எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

இங்கே எங்கள் இன்ஜின் எங்கும் போவதில்லை. தரையில் போல்ட் போட்டு இறுக்கி, அதன் அச்சில் ஒரு பிரேக்கை மாட்டிப் பாரம் ஏற்றுகிறோம். போகாத ஊருக்கு நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். எண்ணெய் ஒரு கண்ணாடிக் குழாயில் இறங்கும். எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று நான் பார்த்துச் சொல்வேன். புகைக்குழாயில் ஒரு கருவி, கொஞ்சம் புகையை உறிஞ்சி வெள்ளைத் தாள் வழியே விடும். டீசலுக்குத் தாள் கரிக்கட்டை மாதிரி ஆகிவிடும். உங்களுக்கு அனுப்பியிருக்கும் எண்ணெய்க்கு வெறும் டீத்தூள் கறைதான். அந்த இரண்டு தாள்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன், அக்காவிடம் காட்டுங்கள். அவள் நெஞ்சுக்குள் போயிருக்க வேண்டிய கரி இவ்வளவு, இப்போது போவது இவ்வளவு.

ஒன்றை மறைக்கக் கூடாது. புகை குறைகிறதே தவிர, கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயு கொஞ்சம் கூடுகிறது. திறந்த ஆற்றில் அது பெரிதில்லை என்கிறார் பேராசிரியர். இருந்தாலும் அக்காவைக் குழாய்ப் பக்கத்திலிருந்து முன்பக்கம் மாறி உட்காரச் சொல்லுங்கள். சொன்னால் கேட்கமாட்டாள், தெரியும்.

இழுவை சற்றுக் குறையும், எண்ணெய் கொஞ்சம் கூடப் பிடிக்கும். அது இயற்கை. வேறு எந்தக் குறையும் எங்கள் சோதனையில் தெரியவில்லை. இங்கே ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஆயிலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றிவிடுவோம், இன்ஜினும் புதிது. உங்கள் மாமியாள் எப்படி இருக்கிறாள் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அக்கா படியேறுகிறாள் என்ற வரியை மட்டும் பலமுறை படித்தேன். அவள் கையெழுத்து அந்த இடத்தில் சின்னதாகிப் போயிருக்கிறது.

உங்கள் மச்சினி

*

மார்ச் 1

ஏ மச்சினி, சுகமா? ஒழுங்காச் சொல்லணும்னு உத்தரவு போட்டிருக்கே. சொல்றேன். புகை: இல்ல. எண்ணெய்: கொஞ்சம் கூடத்தான் பிடிக்குது. இழுவை: எதிர்வெள்ளத்துல ஏறும்போது மாமியாளுக்கு இடுப்புப் பிடிக்குது, மத்தபடி சரி. ஆச்சா? இனி நான் என் இஷ்டத்துக்குச் சொல்லலாம்ல?

டெய்லரு கதையக் கேளு. அவரு தையல் மெஷினு மனுஷன் பல்லக் கடிக்கிற மாதிரி சத்தம் போடும். எண்ணெய் விடுங்கய்யான்னா, "நாளைக்கு, நாளைக்கு"ம்பாரு. சட்டையையும் அப்படித்தான் குடுப்பாரு. கல்யாணத்துக்குத் தைக்கக் குடுத்தா பிள்ளைக்குப் பேரு வைக்கும்போது போட்டுக்கலாம். நான் பாத்துப் பாவப்பட்டு ஒரு டப்பா ஆயில் கொண்டுபோய்க் குடுத்தேன். விட்டதும் மெஷினு பறந்துச்சு. ஆனா மறுநாளே கூப்பிடுறாரு. "என்னப்பா ஆயில் இது, தண்ணியாட்டம் ஓடுது? தச்ச துணியெல்லாம் சட்டி வாசம். சட்டையப் போட்டுக்கிட்டுப் போனவன் திரும்பி வந்து, பசி தாங்கலங்கிறான்!" ஊரே சிரிச்சுது.

அந்த ஆயில் எங்க கெடைச்சுதுன்னு கேளு. அதான் ரெண்டாவது அதிசயம். மாமியா முன்னெல்லாம் ஆயில் குடிப்பா பாரு, ஊத்தி மாளாது. ஆயில் மட்டம் பாக்குற குச்சியப் போட்டுப் பாத்தா எப்பவும் கீழ்க்கோட்டுலதான் நிக்கும். இப்ப உன் மருமக வந்ததுலேருந்து குடிக்கிறத விட்டுட்டா. விட்டது மட்டுமா? குச்சியில மட்டம் மேல ஏறுது! ஒரு சொட்டு ஊத்தல, தானா ஏறுது. மேல்கோட்டையும் தாண்டிடுச்சு. பார்பரு வந்து குச்சிய வாங்கிப் பாத்துட்டு, "இந்த வயசுல மாமியா முழுகாம இருக்காப்பா"ன்னுட்டாரு. அன்னேலருந்து ஏறுறவங்கல்லாம், "எத்தன மாசம்?"னு கேக்குறாங்க. வழியிறதுக்கு முன்னாடி மேலாக்குல கொஞ்சம் எடுத்துத்தான் டெய்லருக்குக் குடுத்தேன். பார்பரு கத்திரிக்கோலுக்கும் கொஞ்சம் போச்சு. அள்ள அள்ளக் கொறையாத பாத்திரம்னு சொல்லுவாங்களே, அது நம்ம படகுல இருக்கு. உன் பேராசிரியர்கிட்டச் சொல்லு, சந்தோஷப்படுவாரு.

உங்க அக்கா அந்த ரெண்டு தாளையும் வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா. கறுப்ப ஆத்துல விட்டுட்டா. வெள்ளைய டிக்கெட் பெட்டி மூடியில ஒட்டி வச்சிருக்கா. யாரு வந்தாலும், "இது என் தங்கச்சி அனுப்புனது, என் நெஞ்சு இப்ப இப்படித்தான் இருக்கு"ங்கிறா. நேத்து பாட்டு வேற. பாடுவான்னே நான் மறந்துபோயிருந்தேன் மச்சினி. இத எழுதமாட்டேங்கிறா. எழுதலேன்னா தாளப் பிடுங்கிடுவேன்னு சொல்லி

சரி எழுதிட்டா.

உன் அத்தான்

*

மார்ச் 9

அத்தான்,

படித்தவுடன் எழுதுகிறேன். நலம் விசாரிக்க நேரமில்லை.

குச்சியில் ஏறுவது ஆயில் இல்லை. அது எரியாத பயோடீசல். பழைய இன்ஜினில் நாசில் தேய்ந்து, எண்ணெயைத் தூவாமல் சொட்டவிடும். அது பிஸ்டன் ஓரமாகக் கசிந்து கீழே ஆயிலில் போய்ச் சேருகிறது. டீசல் என்றால் சூட்டில் பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். இது ஆவியாகாது, தங்கிவிடும். அதனால்தான் மட்டம் ஏறுகிறது, அதனால்தான் டெய்லரின் மெஷினில் தண்ணியாக ஓடியது. அந்த நீர்த்த ஆயிலால் அச்சைத் தாங்கும் பேரிங்கைக் காப்பாற்ற முடியாது. இரும்பும் இரும்பும் உரசி ஒரு நாள் அப்படியே பிடித்துக்கொள்ளும். வெள்ள நாளில், ஆட்களோடு நடு ஆற்றில் அது நடந்தால்?

உடனே நிறுத்துங்கள். இன்றைக்கே பழைய டீசலுக்கு மாறுங்கள். யார் கேட்டாலும் அந்த ஆயிலைக் கொடுக்காதீர்கள்.

அக்காவை நினைத்தால் இதை எழுதக் கை வரவில்லை. ஆனால் அவளும் அந்தப் படகில்தானே இருக்கிறாள்.

மச்சினி

*

மார்ச் 14

அத்தான்,

போன கடிதத்தைப் பதற்றத்தில் எழுதிவிட்டேன். அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே எண்ணெய் காய்ச்சுகிறவரிடமும் மெக்கானிக்கிடமும் உட்கார்ந்து பேசினேன். பேராசிரியர் முதலில், "நம் அறிக்கையில் அப்படி எதுவும் வரவில்லையே" என்றார். வராது. அழுக்காகும் முன்பே வடித்துவிட்டால் எப்படி வரும்? நானே எத்தனையோ தடவை வடித்திருக்கிறேன், அதில் அந்தச் சட்டி வாசம் அடித்திருக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு போயிருக்கிறேன். மெக்கானிக்தான் சிரித்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, அதுக்காக மருமகள வீட்ட விட்டு அனுப்பணுமா?"

நிறுத்த வேண்டியதில்லை அத்தான். நன்றாகக் கேளுங்கள். இருக்கிற ஆயிலை முழுக்க வடித்துக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றுங்கள். ஊற்றியதும் குச்சியில் மட்டம் நிற்கிற இடத்தில் அரத்தால் ஒரு கீறல் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கீறலுக்கு மேலே ஏறினால் மறுபடி வடித்துவிட வேண்டும். ஏறினால் சந்தோஷப்படக் கூடாது, அவ்வளவுதான். பழைய நாசிலைக் கழற்றிவிட்டு, இந்தக் கடிதத்தோடு வரும் பொட்டலத்தில் இருக்கிற புதிய இரண்டையும் மாட்டுங்கள். சொட்டுவது நின்றுவிடும். இதைச் செய்தால் அக்காவுக்கும் மூச்சு இருக்கும், மாமியாளுக்கும் உயிர் இருக்கும்.

அக்கரைத் துறை ஆபீஸுக்குப் போன் செய்தேன். கிளார்க் எடுத்தார். "படகு ஜோரா ஓடுதும்மா, ஒரு குறையும் இல்ல" என்றார். ஆயிலைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். "இதோ உங்க அக்காவே டிக்கெட் பணம் கட்ட வந்திருக்காங்க, சொல்லிடுறேன்" என்று வைத்துவிட்டார். லீவு கேட்டேன். இந்தச் சுற்றுச் சோதனை முடிகிறவரை கிடைக்காது. சோதனை அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, போகாத ஊருக்கு ஓடும் இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கிடைத்தது என்று ஒரு வரி போடுங்கள்.

மச்சினி

*

மார்ச் 22

ஏ மச்சினி, என்ன ஆச்சு உனக்கு? உடம்பு கிடம்பு சரியில்லையா? நான் எழுதி எவ்வளவு நாளாச்சு, ஒரு பதிலக் காணோம். டெய்லரு கதையில கோவமா? ஒழுங்காத்தானே சொன்னேன். துறை கிளார்க்கு என்னமோ உன் போன் வந்துச்சுன்னு ஆரம்பிச்சாரு. அதுக்குள்ள உங்க அக்கா, "என்கிட்டச் சொல்லிட்டாரு, நலம் விசாரிச்சிருக்கா"ன்னுட்டா. போனுல கேக்குறவளுக்கு ஒரு கடுதாசி போட முடியாதா? கடுதாசின்னா நாலு நாள் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேக்கலாம்.

படகு ஓடுது. ஆயில் இன்னும் ஏறிக்கிட்டுத்தான் இருக்கு. இப்பப் புதுசா ஒரு சத்தம். அடியில டொக் டொக்குன்னு, மரங்கொத்தி மாதிரி. முழுகாம இருக்கிறவளுக்கு உள்ள பிள்ள உதைக்குதுன்னாரு பார்பரு. ஆயில் பிரஷர் முள்ளு கீழயே தூங்குது. முள்ளு பழசு, அதுவும் என்னைய மாதிரிதான். சிலசமயம் எனக்கே கொஞ்சம் சந்தேகமா இருக்கு. ஆனா நீ ஒண்ணும் சொல்லலேன்னா ஒண்ணும் இல்லேன்னுதானே அர்த்தம்? தப்புன்னா நீ சொல்லாம இருப்பியா?

இந்த வருஷம் கோடை மழை முன்னாடியே தொடங்கிடுச்சு. ஆறு நெறஞ்சு வருது. பதில் போடு.

உன் அத்தான்

நான் நன்றாக இருக்கிறேன். ஒரு தடவைகூட உட்காராமல் படி முழுக்க ஏறுகிறேன். அதை மட்டும் நினைத்துக்கொள். அக்கா.

*

மார்ச் 30

அத்தானுக்கு என்று உறையின் மேலே எழுதியிருக்கிறேன். பிரிக்கப்போவது நீதான் அக்கா.

"பதில் போடு" என்று அவர் சொல்லச் சொல்ல நீ எழுதியிருக்கிறாய். ஓர் எழுத்துக்கூடக் கோணவில்லை. என் இரண்டு கடிதங்களும் உன்னிடம்தான் இருக்கின்றன. முதலாவதைப் படித்திருக்கிறாய். இரண்டாவதைப் பிரிக்கவே இல்லை என்று நினைக்கிறேன். பிரித்திருந்தால் மறைத்திருக்கமாட்டாய். அக்கா, அதில் நிறுத்தச் சொல்லவில்லை. வேறு வழி எழுதியிருக்கிறேன். பிரி. இப்போதே பிரித்து அவரிடம் வாசி.

நான் உன்னைத் திட்டவில்லை. எந்த மூச்சைக் கைவிடச் சொல்லி எழுதினேன் என்று எனக்குத் தெரியும். முதல் கடிதத்தில் யாரையும் கேட்காமல் நிறுத்துங்கள் என்று எழுதிவிட்டேன். ஐந்து நாள் பொறுத்திருந்தால் ஒரே கடிதமாகப் போயிருக்கும்.

துறை ஆபீஸ் போனை யாரும் எடுக்கவில்லை. வெள்ளத்தில் கம்பி அறுந்திருக்கிறதாம். இந்தக் கடிதமும் அந்தப் படகில்தான் வர வேண்டும்.

தங்கை

*

ஏப்ரல் 11

மச்சினி, நல்லா இருக்கியாம்மா?

இந்தத் தடவ டெய்லரு எழுதுறாரு. அவரு கடையிலதான் உக்காந்திருக்கேன். எழுத்தும் தையல் மாதிரி கோணலா இருந்தா அதுக்கு நான் பொறுப்பில்ல. சிரிக்கிறாரு. சிரிக்கட்டும், ஊர்ல யாராவது சிரிக்கணுமே.

உன் கடைசிக் கடுதாசி எப்ப வந்துச்சுன்னா, எல்லாம் முடிஞ்ச பிறகு நேரா என் கைக்கே வந்துச்சு, டெய்லருதான் வாசிச்சாரு. சொல்றேன், ஒழுங்காவே சொல்றேன். வெள்ளம் கொஞ்சம் வடிஞ்சு, படகு நெறையா ஆளு. பார்பரு, டெய்லரு, உங்க அக்கா எல்லாம் இருந்தாங்க. எதிர்வெள்ளத்துல முறுக்குனேன். டொக் டொக்குன்னுக்கிட்டிருந்தது டங்குன்னு ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான். அப்புறம் ஆத்துச் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. அவ்வளவு அமைதிய நான் படகுல கேட்டதே இல்ல. யாரும் கத்தல. கத்துனா படகு கவுந்துடும்னு நெனச்ச மாதிரி எல்லாரும் மூச்சப் பிடிச்சுக்கிட்டிருந்தாங்க. படகு தானா திரும்பி, தண்ணி போன வழியே போக ஆரம்பிச்சுது. கீழ மீன் பிடிக்கிறவங்க கயிறு வீசி இழுத்துக் கரை சேத்தாங்க. உசுருக்குச் சேதமில்ல. பார்பரோட பெட்டி மட்டும் ஆத்தோட போயிடுச்சு.

மாமியாளத் திறந்து பாத்தோம். கிராங்கு அச்சும் பேரிங்கும் ஒட்டிக்கிடக்கு, உருக்கி ஊத்துன மாதிரி. அக்கரை மெக்கானிக்கு, "இத நான் தொடல, நீ ஒரு மாலை வாங்கிப் போட்டுடு"ன்னுட்டாரு.

அப்பத்தான் உங்க அக்கா வந்தா. டிக்கெட் பெட்டிக்கு அடியிலேருந்து எடுத்து என் முன்னால வச்சா. ஒரு பிரிச்ச கடுதாசி, ஒரு பிரிக்காத கடுதாசி, ஒரு பொட்டலம். "நான்தான் வாசிக்கல. வாசிச்சா நீங்க நிறுத்தியிருப்பீங்க. இன்னும் கொஞ்ச நாள் மூச்சு விட்டுக்கிறேனேன்னு இருந்துட்டேன். ரெண்டாவத எடுக்கவே பயமா இருந்துச்சு"ன்னா. அழல. எனக்குக் கோவம் வரல மச்சினி. வந்திருந்தா நல்லா இருந்திருக்கும், அதப் பிடிச்சுக்கிட்டு நின்னுருப்பேன். படகுல இருந்தவங்க ஒவ்வொருத்தர் முகமா நெனச்சுப் பாத்தேன், அப்பக்கூட வரல. அவ பாடுனது வந்து நின்னுச்சு.

எல்லாத்தையும் டெய்லர்கிட்டக் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னேன். ரெண்டாவதப் பிரிச்சு வாசிச்சாரு. பொட்டலத்தப் பிரிச்சா ரெண்டு நாசில், பஞ்சுல சுத்தி, கம்மல் மாதிரி மின்னுது. குச்சியில ஒரு கீறல் போட்டிருந்தாப் போதும். அரம் என் கைக்கு எட்டுற தூரத்துலதான் தொங்கிக்கிட்டிருந்துச்சு.

வீட்டுக்குப் போனதும், "அதுல என்ன எழுதியிருக்கா?"ன்னா. "அதேதான். நிறுத்தச் சொல்லித்தான்"னேன். "அப்ப ரெண்டுல ஒண்ணுதான் இருந்திருக்கும் இல்ல? ஒண்ணு நெஞ்சு, இல்ல படகு"ன்னா. "ஆமா"ன்னேன். "சரி, கொஞ்ச நாளாவது கெடைச்சுதே"ன்னா.

இப்ப மணல் படகுலேருந்து ஒரு இன்ஜின இரவல் வாங்கிப் போட்டிருக்கு. அதுக்கு உன் எண்ணெய ஊத்தக் கூடாதுன்னு கண்டிஷன். கரியாக் கக்குது. ஊர்ல இப்ப யாரும் படகத் தவற விடுறதில்ல. புகை நல்லாத் தெரியுது. டெய்லருகூட நேரத்துக்கு வந்துடுறாரு. உங்க அக்கா ஒரு நாள் ஏறுனா. பாதி ஆறு தாண்டல, உதடு நீலமாயிடுச்சு. அந்த வெள்ளத் தாளு பெட்டி மூடியில இன்னும் ஒட்டியிருக்கு, வெள்ளையா இல்ல. இப்ப வீட்டுலதான் படுத்திருக்கா. அக்கரை டாக்டரு கூட்டிக்கிட்டு வாங்கன்னு சொல்றாரு. எதுல கூட்டிக்கிட்டுப் போறது? மூச்சு வாங்கித் தர்ற இடத்துக்கு மூச்ச அடைக்கிற படகுலதான் போகணும். வேற படகு கிடையாது. துடுப்புப் படகுல போகலாம்னா வெள்ளம் இன்னும் விடல. கரையில நின்னு ஆத்தப் பாக்குறேன். ஆறும் என்னையப் பாக்குது.

உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னுதான் இந்தக் கடுதாசி. அவ உனக்கு எழுதுவா, எனக்குத் தெரியும். கேப்பா. நீ, "வேற வழியே இருந்திருக்காதுக்கா"ன்னு ஒரு வரி எழுது. நீ படிச்சவ, எல்லாத்தையும் மெஷின் வச்சு அளக்குறவ, பொய் எழுதக் கை கூசும். கூசட்டும். உன் பேராசிரியருக்கு உண்மைய எழுது, ஊரு உலகத்துக்கெல்லாம் எழுது, குச்சியில ஏறுனா சந்தோஷப்படாதீங்கன்னு பெரிய எழுத்துல போடச் சொல்லு. இவ ஒருத்திக்கு மட்டும் பொய்ய எழுது. இல்லேன்னா அவ ஒவ்வொரு இருமலுக்கும் அந்தக் கடுதாசிய நெனப்பா. அவளுக்கு இருமல் நெறையா.

அந்த ரெண்டாவது கடுதாசியும் கடைசிக் கடுதாசியும் நாசிலும் அவ கண்ணுல படக் கூடாது. டெய்லரு கடையில வைக்கலாம்னு பாத்தேன். இவரு கடையில வச்ச துணியே கெடைக்காது, ஆனா கெடைக்கக் கூடாதது மட்டும் கெடைச்சுடும். கோவிச்சுக்காதீங்க டெய்லரே, எழுதுங்க. படகுல வைக்கலாம்னா அங்க எல்லாரும் கை விடுவாங்க. ஆத்துல போட மனசு வரல, அது நீ கைப்பட எழுதுனது. அதனால நான் என்ன பண்ணுனேன்னா, மாமியாளக் கழட்டிக் கரையில போட்டிருக்கு பாரு, அதோட ஆயில் தொட்டிக்குள்ள

இரு. வீட்டுப் பக்கம் தட்டுச் சத்தம் கேக்குது. அவதான். கூப்பிட மூச்சில்லாததால இப்பத் தட்டத்தான் தட்டுறா. டெய்லரே, அப்படியே வைங்க, நான் போயி என்னன்னு பாத்துட்டு